படபடப்பும் பயமும்

மனித தேகத்தில் ஓயாமல் உழைக்கும் உறுப்பு இருதயம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், இத்தனை உழைத்தும் அது தன் உழைப்பை நமக்குக் காட்டிக்கொள்வதில்லை என்பதுதான் அதன் பெருங்குணம். நிமிஷத்துக்கு 72 தடவை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் அது 1,03,680 தடவை சுருங்கி விரிகிறது. அத்தனை துடிப்புக்களில் எத்தனையை நாம் கவனித்தோம் என்று யோசித்தால், மாடிப்படியை வேகமாக ஏறியபோதோ, நடுநிசியில் டெலிபோன் மணி அடித்தபோதோ சிலவற்றைக் கவனித்திருப்போமேயன்றி, மற்றப் பொழுதெல்லாம் இருதயம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருப்போம். அவ்வாறு மறந்திருக்க முடிவதற்குத்தான் சௌக்கியம் என்று பெயர்.

சிலருக்கு இந்த மறதி ஒரு நாள் எவ்வித முன்னறிவிப்பும் இன்றிக் கலைந்துவிடுகிறது. துணி மடித்துக்கொண்டிருக்கையிலோ, ரேஷன் கடை வரிசையில் நிற்கையிலோ, படுத்துக் கண்ணயரும் வேளையிலோ, ஓடியதும் இல்லை, சண்டையிட்டதும் இல்லை, பயந்ததும் இல்லை என்றிருக்க, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. கை தானாக மார்பின்மேல் போகிறது, நாக்கு வறண்டுபோகிறது, ‘இதுதான் முடிவோ’ என்ற எண்ணம் ஒரு க்ஷணத்தில் தலைதூக்கிவிடுகிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று அவற்றை எண்ணிச் சொன்னார். நான்கும் நமக்கு வெளியே இருப்பவை; கதவைத் தாழிட்டோ, ஓடி ஒளிந்தோ, கும்பிட்டு வணங்கியோ அவற்றினின்று தப்புவதற்கு ஏதேனும் ஒரு வழி உண்டு. தன் மார்புக்குள்ளிருந்தே பயம் கிளம்பும் மனிதனுக்கோ ஓடி ஒளிய இடமில்லை. ஆகவே, இப்படிப்பட்டவர்களின் கவலையை வெறும் கோழைத்தனம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

படபடப்பு வந்தவர் அடுத்தாற்போல் என்ன செய்கிறார் என்பது பெரும்பாலும் ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கிறது. வீட்டார் முதலில் ஒரு டம்ளர் சோடாவோ சீரகத் தண்ணீரோ கொடுத்து, “கேஸா இருக்கும், கொஞ்சம் காலாற நட” என்கிறார்கள். அதற்கும் அடங்காமல் போகவே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி, பெஞ்சியில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிடும் நேரத்துக்குப் பார்த்தால், வந்தது வந்த சுவடு தெரியாமல் நின்றுபோயிருக்கிறது. இருந்தாலும் உள்ளே அழைத்துப் படுக்க வைத்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப்புக்களை மாட்டி, சில்லென்ற ஜெல்லியைத் தடவி, மார்பில் ஆறு இடங்களில் ரப்பர் குமிழ்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கட்டங்கள் போட்ட காகிதம் மெஷினிலிருந்து நழுவி வருகிறது. டாக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மலாத்தான் இருக்கும்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று சொல்லி அனுப்புகிறார்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால், அந்தக் காகிதத்தில் பதிவாகியிருப்பது ஏறக்குறையப் பத்து விநாடி நேரத்துத் துடிப்பு மட்டுமே. அந்தப் பத்து விநாடியில் இருதயம் ஒழுங்காக இருந்தது என்பதற்கு அது அசைக்கமுடியாத சாட்சியம். அதற்கு அரைமணி நேரம் முன்பு சமையலறையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதை எடுத்துச் சொல்வார் இல்லாமையால், வீடு திரும்பியவர் இரண்டில் ஒரு வழியில் போய்விடுகிறார். ‘ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ’ என்று தன்னையே சந்தேகித்து வாயை மூடிக்கொள்வது ஒரு வழி. ‘ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை’ என்று டாக்டருக்கு மேல் டாக்டராக அலைவது மற்றொரு வழி. ஒன்றுமில்லை என்பதும், பெரிய வியாதி என்பதும், இரண்டுமே சாட்சியம் இல்லாமல் எழுதிய தீர்ப்புக்கள். படபடப்பைப் பற்றிச் சாதாரண மக்கள் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயங்களில் இதற்கே முதலிடம் கொடுக்கவேண்டும்.

இருதயம் ஏன் அடித்துக்கொள்கிறது என்பதை அறிய, அது தானாக எப்படி அடிக்கிறது என்பதைச் சற்று அறிந்திருப்பது நல்லது. வலப்புறத்து மேலறையின் சுவரில், மேற்பாகத்து அசுத்த ரத்தக் குழாய் வந்து சேரும் இடத்தில், ஒரு சிறு தசைமுடிச்சு இருக்கிறது; அதில்தான் ஒவ்வொரு துடிப்புக்குமான மின்சாரத் தூண்டல் பிறக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இந்த முடிச்சை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள்; ஃபிளாக் முதன்முதலில் அதைக் கண்டது ஓர் அகழெலியின் இருதயத்தில். அதற்கு ஓராண்டு முன்பே, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள இரண்டாவது முடிச்சை விவரித்திருந்தார். முதல் முடிச்சில் பிறந்த தூண்டல் மேலறைகளைச் சுருங்கச் செய்து, இரண்டாம் முடிச்சில் ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்கி அவற்றையும் சுருங்கச் செய்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு இது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை நடந்தால் அது சுபாவமான வேகம்.

இந்த வேகம் அதிகப்படுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது வழியில், தலைமை முடிச்சே தேகத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வேகத்தைக் கூட்டுகிறது. காய்ச்சல், ரத்த சோகை, தைராய்டு சுரப்பியின் மிகைச்சுரப்பு, வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ நீர் வற்றிப்போதல், நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதால் சர்க்கரை இறங்கிப்போதல், கர்ப்பகாலம், பயம், துக்கம் ஆகிய எல்லாம் அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கக் கூடியவை. இங்கே இருதயம் குற்றவாளி அன்று. உடம்பின் தேவைக்காக ஓடுகிற ஊழியன். ஆகையால், படபடப்பு என்று வருபவரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதும், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பதும் வீண் செலவல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதிலிருந்து 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்த சோகை உள்ளவர்கள். மாடி ஏறினால் மார்பு அடித்துக்கொள்கிறது என்று சொல்லும் எத்தனையோ பெண்களுக்கு வேண்டியது மனத் தைரியமன்று, இரும்புச்சத்து.

மருந்துகளே படபடப்பை உண்டாக்குவதும் உண்டு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால், மூக்கடைப்புக்காகச் சளி மாத்திரைகளில் சேர்க்கும் சூடோஎபெட்ரின், தேவைக்குமேல் அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு, இரவு விழித்து வேலை பார்ப்பவர்கள் தூக்கத்தை விரட்டக் குடிக்கும் நாலைந்து டம்ளர் காபி, டீ, சிகரெட், மது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது, நாட்டுமருந்து, லேகியம் உட்பட எதையும் மறைக்காமல் சொல்வது, ஆகிய இவ்விரண்டும் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது வழி வேறு விதமானது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நடு முடிச்சின் அருகிலோ, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலோ தூண்டல் செல்வதற்கு மற்றொரு உபபாதை இருக்கும். ஒரு வழியாக இறங்கிய தூண்டல் அந்த மற்றொரு வழியாக மேலே திரும்பி, மறுபடியும் இறங்கி, செக்குமாடு சுற்றுவதுபோல ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் இருதயம் ஒரு தடவை துடிக்கிறது. தலைமை முடிச்சின் அதிகாரம் செல்லாமற் போகிறது. துடிப்பு நிமிஷத்துக்கு 150-லிருந்து 250 வரை ஏறிவிடுகிறது. எஸ்.வி.டி. என்று டாக்டர்கள் மூன்றெழுத்தில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலாக இது இருப்பதும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு வருவதும் தெரிந்தது. 1930-இல் லூயிஸ் வுல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் என்ற மூவர், மற்றபடி ஆரோக்கியமாக இருந்த பதினோரு பேரின் ஈ.சி.ஜி.யில் ஒரேவிதமான விபரீத அடையாளத்தைக் கண்டு எழுதினார்கள். அந்த அடையாளத்துக்குக் காரணம் இப்படிப்பட்ட உபபாதையே என்பது பின்னால் ஸ்திரப்பட்டது. அந்த நிலைக்கு இன்றும் அவர்கள் மூவரின் பெயரே வழங்குகிறது.

இந்த இரண்டு வகைகளையும் பிரித்தறிவதற்கு நோயாளியின் வாய்மொழியே பெருந்துணை. பயத்தாலோ காய்ச்சலாலோ வருவது படிப்படியாக ஏறி, படிப்படியாகவே இறங்கும். எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. உபபாதையால் வருவதோ, சுவிட்சைப் போட்ட மாதிரி வந்து, அணைத்த மாதிரி நிற்கும். ‘கீழே கிடந்த குடத்தை எடுக்கக் குனிந்தேன், அந்தக் கணமே ஆரம்பித்துவிட்டது’ என்று ஒரு பெண் சொன்னால், அதைக் கேட்கும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காரவேண்டும். “தொண்டைக்குழி கிடந்து துடிக்குது, ரவிக்கை கழுத்தே ஆடுது” என்பது மற்றொரு குறிப்பு. மேலறையும் கீழறையும் ஒரே சமயத்தில் சுருங்குவதால் ரத்தம் மேல்நோக்கிக் கழுத்து ரத்தக் குழாய்களில் மோதுவதே அதற்குக் காரணம். படபடப்பு நின்றபிறகு இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சிறுநீர் கழிவதும் ஓர் அடையாளம்; சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடும் இந்த விவரம், காகிதத்தில் பதிவாகாத ஒன்றைப் பிடித்துக்கொடுக்கும்.

இவ்விரண்டிலும் சேராத வேறு இரண்டு உண்டு. ‘ஓர் அடி தவறிப்போய், அப்புறம் பலமாக ஒன்று இடிக்கிறது’ என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் எந்தத் துடிப்பும் தவறுவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, இருதயம் நிரம்புமுன் வந்ததால் அது நாடியில் தெரிவதில்லை, அதற்குப்பின் வரும் இடைவெளியில் இருதயம் நன்றாக நிரம்பிவிடுவதால் அடுத்த அடி பலமாகத் தெரிகிறது. வேறு இருதயக் கோளாறு இல்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. படுக்கையில் இடப்புறமாகத் திரும்பிப் படுக்கையில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம், இருதயம் மார்புச் சுவரை அணுகுவதும், அறையில் கவனத்தைக் கலைக்க வேறொன்றும் இல்லாமையுமே. மற்றொன்று, துடிப்பில் எவ்வித ஒழுங்கும் இல்லாமல், முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக அடித்துக்கொள்வது. மேலறை நடுக்கம் எனத்தக்க இது வயதானவர்களுக்கும், சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெட்டவர்களுக்கும் வருவது. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும் அபாயம் இதில் உண்டு. ஆதலால், நாடி தாறுமாறாக இருந்தால் அதைத் தள்ளிப்போடாமல் காட்டவேண்டும்.

இனி, பயத்தின் பங்கு என்ன என்பதைப் பார்ப்போம். இந்தச் சர்ச்சை புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்ற வைத்தியர், படபடப்பும் மார்புவலியும் களைப்புமாக வந்த 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் கவனித்து, அவர்களில் பலருடைய இருதயத்தில் கெடுதல் எதுவும் காணாமல், அதற்கு ‘எரிச்சலுற்ற இருதயம்’ என்ற பொருள்படப் பெயரிட்டு 1871-இல் எழுதினார். முதல் உலகயுத்தத்தில் இதே தொல்லை ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பிடித்தபோது, தாமஸ் லூயிஸ் என்ற பேரறிஞர் அவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவைக்கும் பழைய முறையை மாற்றி, சிறிது சிறிதாகக் கூட்டிய தேகப்பயிற்சி கொடுத்து, அவர்களில் பலரை எழுந்து நடமாடச் செய்தார். அதுபற்றி 1918-இல் ஒரு நூலும் எழுதினார். அந்தப் பாடம் இன்றும் பழசாகிவிடவில்லை. இருதயம் நன்றாக இருக்கிறது என்று நிச்சயப்பட்டபின், பயந்து படுத்துக்கிடப்பது மருந்தல்ல, நடப்பதே மருந்து.

ஆனால் இதையே சாக்காக வைத்துக்கொண்டு, படபடப்பென்றாலே மனோவியாதி என்று முடிவுகட்டுவதும் பெரும் பிழையாகும். பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 190 நோயாளிகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஒரு கட்டுரையில், நூற்றுக்கு 43 பேருக்குக் காரணம் இருதயத்திலும், 31 பேருக்கு மனக்கலக்கத்திலும், 10 பேருக்கு மருந்து, தைராய்டு போன்ற பிறவற்றிலும் இருந்ததாகவும், 16 பேருக்குக் காரணமே கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். காரணம் கிடைக்காதவர்களுக்கும், ஏன் எல்லோருக்குமே, ஆறுதலான செய்தி ஒன்று அதில் உண்டு: அவ்வளவு பேரிலும் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மறு ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. எஸ்.வி.டி. என்று சந்தேகமற நிரூபணமான 107 பேரை விசாரித்ததில், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதிநோயின் இலக்கணத்துக்கும் அப்படியே பொருந்தியிருந்தன. பாதிப்பேருக்கு மேல் முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. அவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் உண்மைக் காரணம் தெரியாமலே இருந்தார்கள். அவ்வாறு தப்பிப்போனவர்களில், ஆண்களைவிடப் பெண்களே ‘மனப் பிரமை’ என்ற முத்திரையை அதிகமாகச் சுமந்தார்கள்.

இதற்கு நேர்மாறான வட்டமும் ஒன்று உண்டு. ஒரு தடவை படபடப்பு வந்தவர் நாளெல்லாம் மணிக்கட்டில் விரலை வைத்தபடியே இருக்கிறார். 78 இருக்கும்போது ஏன் 72 இல்லை என்று திகைக்கிறார். திகைத்தவுடனே அட்ரினலின் சுரந்து 78 என்பது 95 ஆகிறது. அதைக் கண்டு மேலும் பயப்படுகிறார். தனியாகக் கடைக்குப் போவது நிற்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் இறங்கிவிடத் தோன்றுகிறது. விசேஷ வீடுகளில் வாசற்பக்கத்து நாற்காலியே தேவைப்படுகிறது. வியாதி வாரத்துக்குப் பத்து நிமிஷம் வருகிறது. வருமோ என்ற பயம் மற்ற நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பயத்துக்கும் பேச்சுமுறைச் சிகிச்சையும், வேண்டுமானால் மருந்தும் உண்டு. இவற்றை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. இருதயத்தில் கோளாறு கண்டுபிடித்ததனாலேயே மனத்தின் கஷ்டம் பொய்யாகிவிடாது. மனம் கலங்கியிருப்பதனாலேயே இருதயம் குற்றமற்றது என்றும் ஆகிவிடாது.

ஆகவே, சாட்சியத்தைத் தேடிப் பிடிப்பதே சரியான உபாயம். ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் ஈ.சி.ஜி. கருவியை உருவாக்கியபோது, அது ஐவர் கூடி இயக்கவேண்டிய பெருஞ்சாதனமாக இருந்தது. நோயாளி தன் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் படபடப்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேரும்வரை காத்திராதே! அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற பௌதிக நிபுணர், நடமாடும் மனிதனின் இருதயத்தைப் பதிவுசெய்யவேண்டும் என்று எண்ணி, 1940-களின் பிற்பகுதியில் 38 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை முதுகில் சுமந்தே அதைச் செய்துகாட்டினார். இன்றைக்கு ‘ஹோல்டர்’ என்றே வழங்கும் அந்தக் கருவி தீப்பெட்டிக் கட்டளவுக்குச் சுருங்கி, மார்பில் சில வில்லைகளோடு இருபத்துநான்கு மணி நேரமோ, இரண்டு நாளோ இடுப்பில் தொங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே படபடப்பு வருபவருக்கு அந்த ஒரு நாள் பதிவும் வெறுமையாகவே வரக்கூடும்; அவருக்கு ஒன்றிரண்டு வாரம் ஒட்டிவைக்கும் பட்டையோ, தோலுக்கடியில் வைத்து மூன்றாண்டு வரை கண்காணிக்கும் சிறு கருவியோ ஏற்றது. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பொறுத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இக்காலத்துக் கைக்கடிகாரங்களில் சில அரை நிமிஷத்து ஈ.சி.ஜி.யைத் தாமே பதிவு செய்கின்றன. படபடப்பு நேரத்தில் எடுத்த அப்படிப்பட்ட பதிவு ஒன்று டாக்டருக்கு மிகவும் பயன்படும். ஆனால், அதே கடிகாரத்தை மணிக்கு நாற்பது தடவை பார்ப்பவருக்கு அது பயத்தை வளர்க்கும் சாதனமாகிவிடும். படபடப்பு வந்தால் பார்ப்பது, இல்லாவிட்டால் நேரம் மட்டும் பார்ப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்வது நலம்.

கடிகாரம் இல்லாவிட்டாலும் குறைவில்லை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில், நடு மூன்று விரல்களை மெல்ல வைத்து முப்பது விநாடி எண்ணி இரட்டித்துக்கொள்ளலாம். எண்ண முடியாத வேகமாக இருந்தால், எண்ணமுடியவில்லை என்பதையே குறித்துக்கொள்ளலாம். துடிப்பு ஒரே சீராக இருந்ததா, தாறுமாறாக இருந்ததா என்பதை மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டினாலே டாக்டருக்குப் பாதி விளங்கிவிடும். தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த காரியம், தொடங்கிய விதம், நின்ற விதம், முன்பு சாப்பிட்டது, குடித்தது, இவற்றை ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைப்பவர், பயந்துகொண்டிருந்த நிலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நிலைக்கு ஏறிவிடுகிறார். அதுவே பயத்தைப் பாதி குறைத்துவிடும்.

எஸ்.வி.டி. என்று டாக்டர் உறுதி செய்துவிட்டவர்களுக்கு, வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க முறைகளையும் அவர் கற்றுக்கொடுப்பார். மூச்சை அடக்கிப் பதினைந்து விநாடி முக்கினால், வேகஸ் என்ற நரம்பு தூண்டப்பட்டு அந்தச் சுற்று அறுபடுவதுண்டு. 2015-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பரிசோதனையில், உட்கார்ந்தபடி முக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கே துடிப்பு சீராயிற்று. அப்படி முக்கியவுடனே மல்லாக்கப் படுக்கவைத்து, மற்றொருவர் காலைத் தூக்கிப் பதினைந்து விநாடி பிடித்துக்கொண்டபோது 43 பேருக்குச் சீராயிற்று. செலவில்லாத இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளலாமேயன்றி, கண்ணை அழுத்துவது, கழுத்தைப் பிசைவது போன்றவற்றைத் தாமாகச் செய்துகொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரியில் அடினோசின் ஊசி போட்டால் சில விநாடிகளில் நின்றுவிடும்; அந்தச் சில விநாடிகள் நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல் ஒரு பயங்கரம் தோன்றி மறையும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் நல்லது. அடிக்கடி வந்து தொல்லைப்படுத்தினால், தொடைப்பக்கத்து ரத்தநாளத்தின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த உபபாதையைச் சூட்டினால் பொசுக்கிவிடும் ‘அப்லேஷன்’ சிகிச்சை இருக்கிறது. எஸ்.வி.டி.யின் சாதாரண வகைகளில் இது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நிரந்தரக் குணம் தருகிறது. பல ஆண்டுகள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் வாங்கியவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

எப்போது தாமதிக்கக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படபடப்போடு மயக்கம் வந்து விழுந்தாலும், மார்பை அழுத்தும் வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலும், ஓடும்போதும் விளையாடும்போதும் வந்தாலும், ஏற்கெனவே இருதய நோய் இருந்தாலும், குடும்பத்தில் யாரேனும் சிறுவயதில் திடீரென்று இறந்திருந்தாலும், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மயக்கமோ மார்புவலியோ இருக்கும்போது நோயாளி தானே வண்டி ஓட்டிப் போவது தற்கொலைக்கு ஒப்பானது. 108-ஐ அழைப்பதே விவேகம்.

வீட்டாருக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘இப்போது எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை, வரும்போது பிடித்துப் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். முதல் வாக்கியம் கேட்பவரைத் தனியே விட்டுவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் கூடவே நிற்கிறது. படபடப்பால் அவதிப்படுகிறவர்களுக்கு வேண்டுகோள் இது: பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள் என்பதை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்; படபடப்பு வந்தால் நேரே அங்கே போய், டோக்கனுக்கு நிற்காமல், “இப்ப அடிச்சுக்கிட்டு இருக்கு, நிக்கறதுக்குள்ள ஒரு ஈ.சி.ஜி. எடுங்க” என்று துணிந்து கேளுங்கள், எடுத்த காகிதத்தின் பிரதி ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நின்றபின் எடுக்கும் பத்து ஈ.சி.ஜி.களைவிட, அடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒன்றே மேல்.